ட்ரெஹலோஸ் என்றால் என்ன?

உணவுப் பொட்டலங்களில் காணப்படும் ‘ட்ரெஹலோஸ்’ எதைக் குறிக்கிறது என்று கேட்டுள்ளீர்கள். மேற்காசியாவில் ஒருவகைக் கூன்வண்டு கட்டும் ‘ட்ரெஹலா’ என்னும் கூட்டிலிருந்து பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ 1850களின் இறுதியில் பிரித்தெடுத்துப் பெயரிட்ட இரட்டைச் சர்க்கரை இது. முளைகட்டிய தானியங்களில் உள்ள மால்டோஸ் என்னும் சர்க்கரையைப் போலவே இதிலும் இரண்டு குளுக்கோஸ் அலகுகள்தாம் உள்ளன. ஆயினும் இதில் அவ்விரு அலகுகளும் தத்தம் முதல் கரிம (கார்பன்) அணுவின் வழியாகவே பிணைந்திருப்பதால், வினைபுரியும் முனை எதுவும் எஞ்சாமல், புரதத்துடன் சேர்த்துச் சூடாக்கினாலும் இது எளிதில் பழுப்பாவதில்லை. பூச்சிகளின் குருதியில் முதன்மையான சர்க்கரையும் இதுவே. உலர்ந்த ஈஸ்ட் வெதுவெதுப்பான நீர் பட்டதும் உயிர்த்தெழுவதில், உலர்நிலையில் செல்சவ்வுகளையும் புரதங்களையும் சிதையாமல் காக்கும் ட்ரெஹலோஸுக்கும் பங்குண்டு. இனிப்பு சாதாரணச் சர்க்கரையில் பாதிகூட இல்லை; ஆகவே உணவுத்துறை இதை நாடுவது பெரும்பாலும் ஈரப்பதத்தைக் காப்பதற்கே.