கை கூப்பாத மாணவி

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்றியபோது எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். வேறு மதத்தைச் சேர்ந்த ஒரு மாணவி மட்டும் கை கூப்பாமல் நின்றாள். மறுநாள் வகுப்பில் அவளைக் கண்டித்தேன். ஊரோடு ஒத்து வாழப் பள்ளியிலேயே பழக்காவிட்டால் மத நல்லிணக்கம் எப்படி வளரும்?

– ஓர் ஆசிரியர்

பதில்: அவள் விளக்கை அணைத்தாளா? கும்பிட்டவர்களைக் கேலி செய்தாளா? எல்லாரோடும் எழுந்து நின்றாள் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பிறகு எதற்கு அந்தக் கண்டிப்பு?

கேரளத்தில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். பத்தாம் வகுப்பில் ஒருவன், ஒன்பதிலும் ஐந்திலும் அவன் தங்கைகள். யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். காலை வணக்கத்தில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஆனால் பாட மாட்டார்கள். அவர்கள் நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை. அதே பள்ளியில் முன்பு படித்த அவர்களுடைய அக்காமார்களும் அப்படித்தான் நின்றார்கள். யாருக்கும் அது உறுத்தவில்லை. 1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் கண்ணில் பட்டது, சட்டமன்றத்தில் பேசினார். விசாரித்த குழு, பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அறிக்கை தந்தது. அதன் பிறகும் மேலிட உத்தரவின்படி மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது.

1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எழுந்து நிற்பதே மரியாதைதான் என்றது. அந்த நம்பிக்கை நமக்குப் பொருத்தமாகப் படுகிறதா என்பது கேள்வியே அல்ல, அவர்கள் அதை உண்மையாக நம்புகிறார்களா என்பதே கேள்வி என்றும் சொன்னது. நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, நம் அரசியல் சட்டம் அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விடக் கூடாது என்று தீர்ப்பை முடித்தார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. ஆசிரியர் பயிற்சியில் இந்தத் தீர்ப்பைப் பாடமாகவே வைக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

தேசிய கீதத்துக்கே இதுதான் நிலை என்றால் குத்துவிளக்குக்கு? அது மதமல்ல, பண்பாடு என்பீர்கள். உங்களுக்குப் பண்பாடு, அவளுக்கு அது வழிபாடாகத் தெரிகிறது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் நடக்கும் வழிபாட்டில் ஒரு பிள்ளையைப் பெற்றோரின் சம்மதமின்றிப் பங்கேற்க வைக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு. கிறிஸ்தவப் பள்ளியில் ஜெபம் சொல்ல விரும்பாத இந்துப் பிள்ளைக்கும் இதே பிரிவுதான் காவல். அந்தப் பிள்ளை உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் ஊரோடு ஒத்துப் போ என்று சொல்லியிருப்பீர்களா?

ரம்ஜானுக்குப் பிரியாணியும் தீபாவளிக்கு முறுக்கும் வீடு மாறிப் போவது எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் யாரும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. நாம் கும்பிடும் இடத்தில் ஒருத்தி கும்பிடாமல் நிற்கும்போது நம் மனம் சுருங்குகிறதே, அங்கேதான் வேலை இருக்கிறது. அவளுக்கல்ல, நமக்கு.

கண்டித்தது தவறு என்று அவளிடம் சொல்லுங்கள். தனியே அழைத்து அல்ல, எந்த வகுப்பின் முன் கண்டித்தீர்களோ அதே வகுப்பின் முன்.