கிரான்வில்லில் இறங்குங்கள்

அன்புள்ள சார்,

துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு, நானும் கணவரும் இந்த வருஷம் சிட்னிக்கு வந்திருக்கிறோம். வென்ட்வொர்த்வில்லில் வீடு. தோசைக்கும் மளிகைக்கும் குறையில்லை. ஆனால் துபாயின் தேரா பகுதியில் ஆபீஸ் முடிந்து வரும்போது சாப்பிட்ட லெபனீஸ் தவூக் (தணலில் வாட்டிய சிக்கன்) சாண்ட்விச்சைத்தான் தேடிக்கொண்டே இருக்கிறேன். எங்கு பார்த்தாலும் கபாப் கடைகள். சிக்கன் ரோல் கேட்டால் லெட்யூஸ், தக்காளி, சீஸ், பார்பெக்யூ சாஸ் எல்லாம் திணித்துத் தலையணை மாதிரி ஒன்றைக் கையில் தருகிறார்கள். பூண்டு சாஸ் கேட்டால் தயிர் வருகிறது. நீங்கள் சிட்னியில் இருந்தவர், எங்கே தேடுவது என்று சொல்லுங்கள். அந்தப் பூண்டு சாஸை வீட்டில் செய்ய முடியுமா? பச்சை முட்டை மயோனைஸ் என்றால் எனக்குப் பயம்.

ர., சிட்னி

அன்புள்ள ர.,

வேலைக்கு ரயிலில் சிட்டிக்குப் போகிறவர் என்றால், நீங்கள் தேடுவதை அநேகமாக தினமும் தாண்டித்தான் போகிறீர்கள். வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், பாரமட்டா, ஹாரிஸ் பார்க், அடுத்தது கிரான்வில். அங்கே இறங்குங்கள்.

ஹாரிஸ் பார்க்குக்குச் சாட் சாப்பிடவோ பிரியாணிக்கோ போயிருப்பீர்கள். இன்று அது நம்மவர்களின் இடம். ஆனால் அங்கேயே லெபனான் மாதா கதீட்ரல் என்று மாரனைட் கிறிஸ்தவர்களின் பெரிய கோவில் இருக்கிறது. நமக்கு முன்னால் அங்கே குடியேறியவர்கள் யார் என்பதற்கு அதுவே சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே லெபனான்காரர்கள் சிட்னிக்கு வந்து, ரெட்ஃபெர்ன் பக்கம் தங்கித் துணி வியாபாரம் பார்த்தார்கள். பெருங்கூட்டமாக வந்தது 1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு. அடுத்த வருஷமே ஆஸ்திரேலியா அவர்களுக்காகக் குடியேற்ற விதிகளைத் தளர்த்தியது. வந்தவர்களில் பெரும்பாலோர் சிட்னியின் மேற்கிலும் தென்மேற்கிலும் தங்கினார்கள்: கிரான்வில், மெரிலேண்ட்ஸ், கில்ஃபோர்ட், பேங்க்ஸ்டவுன், பஞ்ச்போல், லக்கெம்பா. அந்தச் சாண்ட்விச்சும் அங்கேதான் இருக்கும். சிட்டிக்குள் தேடினால் உங்களுக்குக் கிடைத்ததுதான் கிடைக்கும்.

கபாப் கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது பெரும்பாலும் துருக்கிக்காரர்கள் தொடங்கிய தொழில், ராத்திரி குடித்துவிட்டு வருகிறவர்களின் பசிக்காக ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தின்பண்டம். அதில் ஹம்மூஸ் என்ற கொண்டைக்கடலை விழுதும் உண்டு, தபூலி என்ற பார்ஸ்லி சாலட்டும் உண்டு, பார்பெக்யூ சாஸும் உண்டு. எதுவும் வேண்டாம் என்று சொல்கிற வழக்கம்தான் அந்தக் கவுண்ட்டரில் கிடையாது. நீங்கள் கேட்கும் சாண்ட்விச்சோ வேண்டாம் வேண்டாம் என்று கழித்துக் கழித்து வந்த சங்கதி.

தவூக் எப்படிக் கட்டுவார்கள் என்று தேராவில் நின்று பார்த்திருப்பீர்கள். எலுமிச்சை, பூண்டு, தயிர், கொஞ்சம் தக்காளி விழுது போட்டு ஊறவைத்த சிக்கன் துண்டுகள், கம்பியில் கோத்துத் தணலில் வாட்டியவை. மெல்லிய குப்பூஸ் ரொட்டி ஒன்றை விரித்து, தூம் எனும் அந்த வெள்ளைப் பூண்டு சாஸை ஓரம்வரை தாராளமாக இழுப்பார்கள். மேலே சிக்கன், நீளவாக்கில் நறுக்கிய வெள்ளரி ஊறுகாய், நாலைந்து உருளைக்கிழங்கு ஃப்ரை. இறுக்கிச் சுருட்டி, சூடான தகட்டில் அழுத்தி, பாதிவரை காகிதம் சுற்றித் தருவார்கள். அந்தக் கடைசி அழுத்தலில் தூம் லேசாக உருகி, அதன் பச்சைக் காரம் அடங்கி ரொட்டிக்குள் இறங்கும். அது இல்லாவிட்டால் சாண்ட்விச்சே இல்லை.

சிட்னியில் இதே ருசி வேறு வேஷத்தில் இருக்கிறது. அங்கே லெபனான்காரர்களின் பெரிய பெருமை கரிக்கோழி. முழுக்கோழியைப் பிளந்து விரித்துத் தணலில் சுட்டு, தூம், ஊறுகாய், குப்பூஸோடு தருவார்கள். 1998இல் கிரான்வில்லில் சிறிய கடையாகத் தொடங்கிய எல் ஜன்னா இன்று பல ஊர்களில் கிளை பரப்பியிருக்கிறது. பெயர் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் போர்டு பளபளக்காத சின்னக் கடைகளும் இருக்கின்றன, அவற்றையும் விடாதீர்கள். ‘சார்கோல் சிக்கன்’ என்ற போர்டை மட்டும் நம்பி உள்ளே போய்விட வேண்டாம். அந்தப் பெயரில் போர்ச்சுகீசியர்களின் மிளகாய்க் கோழியும் உண்டு, சிப்ஸும் கிரேவியுமாகத் தரும் பழைய ஆஸ்திரேலியக் கடைகளும் உண்டு. முதலில் தூம் டப்பாவைப் பாருங்கள். சுத்த வெள்ளையாக, கரண்டி விட்டால் கரண்டி நிற்கிற கெட்டியில் இருக்க வேண்டும். மஞ்சள் ஓடி வழிந்தால் மயோனைஸ், தளர்ந்து புளித்தால் தயிர். பக்கத்தில் நிற்கிறவர் இன்னொரு டப்பா தூம் சேர்த்துக் கேட்கிறார் என்றால் கடை தேறிவிட்டது.

இந்தக் கடைகளில் தவூக் ரோலும் இருக்கும். இருந்தாலும் என் கட்சி வேறு: அரைக் கோழி வாங்கி, குப்பூஸைக் கிழித்து நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். தவூக்குக்கு நெஞ்சுக்கறிதான் போடுவார்கள், ஒரு நிமிஷம் கூடினால் சக்கையாகிவிடும். தணலில் சுட்ட தொடையும் தோலும் அப்படி ஏமாற்றாது. தேராவில் சாப்பிட்டது இதைவிட நன்றாக இருந்தது என்று ஒருவேளை நீங்கள் சொல்லலாம். வாதாட மாட்டேன்.

சாஸ் விஷயத்தில் பயமே வேண்டாம். அசல் தூமில் முட்டை கிடையாது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் ஒரு வருஷத்துக்குத் தடை செய்தது பச்சை முட்டை மயோனைஸைத்தான். சில கடைகள் தூம் திரியாமல் இருக்க முட்டையின் வெள்ளைக்கரு சேர்ப்பதுண்டு, வெளியில் வாங்கினால் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பூண்டும் உப்பும் எலுமிச்சையும் எண்ணெயும் போதும். எண்ணெயைப் பிடித்து நிறுத்துகிற வேலையைப் பூண்டே பார்த்துக்கொள்ளும்.

உரித்த பூண்டு 1 கப் என்றால் எண்ணெய் 3 கப் வரை இழுக்கும். பூண்டைக் கீறி உள்ளே இருக்கும் பச்சை முளையை எடுத்துவிடுங்கள், கசக்கும். உப்போடு மைய அரைத்த பிறகு எண்ணெயை நூல் மாதிரி விடுங்கள், நடுநடுவே ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சூரியகாந்தி எண்ணெய் நல்லது, ஆலிவ் எண்ணெயின் வாசம் பூண்டை அமுக்கிவிடும். நம்ம மிக்ஸியில் ஒரு சிக்கல், ஜார் சூடேறினால் சாஸ் திரிந்துபோகும். எண்ணெயை ஃப்ரிட்ஜில் குளிர வைத்துவிட்டு, விட்டுவிட்டு ஓட்டுங்கள். அவசரப்பட்டு எண்ணெயைக் கொட்டினால் பூண்டுத் துவையல்தான் மிஞ்சும், அதுவும் சோற்றுக்கு மோசமில்லை. செய்ததை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். பச்சைப் பூண்டும் எண்ணெயும் சேர்ந்த எதையும் வெளியில் விடக்கூடாது. ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், தானாகவே தீர்ந்துவிடும்.

சனிக்கிழமை மதியம் போங்கள். மறுநாள் லீவு. இந்தப் பூண்டு பல் தேய்த்தால் போகிற ஜாதி இல்லை. கணவரையும் சாப்பிட வைத்துவிடுங்கள், ஒருவர் மட்டும் சாப்பிட்டால் வீட்டில் தகராறு.

அன்புடன்