டைட்டானிக் மூழ்கியதற்கு நிலக்கரித் தீதான் காரணமா?

டைட்டானிக்கின் நிலக்கரி அறையில் தீ கனன்றுகொண்டிருந்தது என்பது 1912ஆம் ஆண்டு விசாரணையிலேயே பதிவான உண்மை. ஆனால் அதையே மூலக் காரணமாக்குவது மிகை என்பேன். முன்புறத்தின் நான்கு நீர்புகாத் தடுப்பறைகள் நிரம்பினாலும் மிதக்கக்கூடிய அக்கப்பலில், பனிப்பாறை உரசியதும் குறைந்தது ஐந்து அறைகளுக்குள் நீர் புகுந்துவிட்டதால், தீயால் ஒரு தடுப்புச்சுவர் நலிந்திருந்தாலும் முடிவு சற்று விரைந்திருக்குமே தவிர மாறியிருக்காது. தகடுகளைப் பிணைத்த தறையாணிகள் (rivets) தரம் குறைந்தவை என்ற வாதம் இதைவிட வலுவானது: முன்பகுதித் தகடுகளை இணைத்தவை எஃகு ஆணிகள் அல்ல, தேனிரும்பு ஆணிகள், கடலடியிலிருந்து எடுக்கப்பட்டவற்றுள் சிலவற்றில் வலுவைக் குறைக்கும் கசடு மிகுந்திருந்தது. அவற்றின் தலைகள் தெறித்து இணைப்புகள் விரிந்திருக்கலாம் என்பதற்கு, ஒலியலை ஆய்வில் நீண்ட கிழிசலுக்குப் பதிலாக மெல்லிய பிளவுகளே தென்பட்டதும் பொருந்துகிறது. மூழ்கியது டைட்டானிக் அல்ல, அதன் சகோதரக் கப்பலான ஒலிம்பிக் என்ற கதையை மறுக்கவோ, மூழ்கிய கப்பலின் உந்துவிசிறியில் பொறித்திருக்கும் 401 என்ற டைட்டானிக்கின் கட்டுமான எண்ணே போதும்.