கொலஸ்ட்ரால் பித்த அமிலமாகும் வழி: கேள்வி பதில்

கேள்வி: சர்க்கரையைப் போலக் கொலஸ்ட்ராலையும் உடல் எரித்துத் தீர்க்காதா?

பதில்: தீர்க்காது. கொலஸ்ட்ராலின் வளையக் கட்டமைப்பை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை. கல்லீரல் அதை, கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலமாக மாற்றுகிறது. நாளொன்றுக்குச் சுமார் அரை கிராம். முதன்மை வழியின் முதல் படியைச் செய்யும் நொதிக்கான மரபணு சிஒய்பி7ஏ1, எட்டாம் குரோமோசோமில் இருக்கிறது. வேகத்தை நிர்ணயிப்பதும் அந்தப் படிதான்.

கேள்வி: போதும் என்று கல்லீரலுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: குடலுக்குப் போகும் பித்த அமிலத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுத் திரும்புகிறது. அப்போது அங்குள்ள செல்கள் எஃப்ஜிஎஃப்19 என்ற ஹார்மோனை அனுப்பி சிஒய்பி7ஏ1-ஐ அடக்குகின்றன. கொலஸ்டைரமின் மருந்து பித்த அமிலத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்வதால் இந்தத் தடை தளர்கிறது. கல்லீரல் கூடுதல் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கிறது.

கேள்வி: என் தம்பிக்குச் சிறுவயதிலேயே கண்புரை, ஓயாத வயிற்றுப்போக்கு. இப்போது குதிகால் தசைநார் தடித்திருக்கிறது, நடை தள்ளாடுகிறது. கொலஸ்ட்ரால் அளவோ சரியாகவே இருக்கிறது. மரபணுச் சோதனை எதற்கு?

பதில்: தயங்காமல் செய்யுங்கள். மருத்துவர் சிஒய்பி27ஏ1 மரபணுவைச் சந்தேகிக்கிறார் என்று நினைக்கிறேன். அது பழுதானால் பித்த அமிலத் தயாரிப்பு பாதியில் தடம் மாறி, கொலஸ்ட்ராலை ஒத்த கொலஸ்டனால் என்ற பொருள் மூளையிலும் தசைநாரிலும் கண்வில்லையிலும் படிகிறது. வழக்கமான கொழுப்புப் பரிசோதனை அதை அளப்பதில்லை. ரத்தத்தில் கொலஸ்டனாலைத் தனியே பார்க்கச் சொல்லுங்கள். கண், வயிறு, நரம்பு எனத் தனித்தனி மருத்துவர்களிடம் அலைந்தே ஆண்டுகள் கழிவதுதான் இந்த நோயில் எனக்கு ஆற்றாமை தருவது. இந்த நோயில் உடலில் சரிவர உருவாகாத கீனோடிஆக்சிகோலிக் அமிலம் என்ற பித்த அமிலத்தை மாத்திரையாகக் கொடுத்தால், சிஒய்பி7ஏ1 மீதான தடை மீண்டும் விழுந்து கொலஸ்டனால் குறைகிறது. நரம்புச் சேதம் முற்றுமுன் தொடங்க வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். உடன்பிறந்த உங்களுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் அதிகம். சிஒய்பி7ஏ1 சோதனை செய்யலாமா?

பதில்: முதலில் அது வேண்டாம். அம்மரபணு பழுதாகி எல்டிஎல் ஏறிய, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துக்கும் சரிவர இறங்காத ஒரு குடும்பத்தைப் பற்றி 2002இல் ஆய்வு வெளியானது. ஆனால் அது மிக அரிது. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை உள்ளிழுக்கும் எல்டிஎல் ஏற்பியின் மரபணுவைப் பார்ப்பதே முறை.