சிரிப்பொலியை அழுத்திய விரல்

அன்புள்ள அண்ணைக்கு,

போன கிழமை வானொலியில் காலை நிகழ்ச்சியொன்றுக்கு எங்கள் ஊர் அம்மா ஒருவர் பாட்டுக் கேட்டு அழைப்பு எடுத்தார். "வீட்டுக்காரர் எங்கை?" என்று அறிவிப்பாளர் கேட்க, "காணாமல் போனவர், தேடிக்கொண்டிருக்கிறம்" என்றார். "வேறை எங்கையும் குடும்பம் நடத்துறாரோ தெரியாது, வடிவாத் தேடுங்கோ" என்று அவர் சொல்ல, பின்னால் ஒரு சிரிப்பொலி. அந்த ஒலித்துண்டை நானும் முகநூலில் பகிர்ந்தேன். விளம்பரம் கொடுக்கும் கடைகளைப் புறக்கணிப்போம் என்ற அறிக்கையிலும் கையெழுத்திட்டேன். நிலையம் முகநூலில் வருத்தம் தெரிவித்துவிட்டு அவரை நிறுத்திவிட்டது. அவருக்குச் சின்னப் பிள்ளைகள் என்று இப்போது கேள்விப்படுகிறேன். ஒருவரின் சோற்றில் மண் அள்ளிப் போட்டுவிட்டோமா? பொலிஸுக்கும் போகவேண்டும் என்று சிலர் நிற்கிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

அன்புள்ள தம்பி,

பொலிஸுக்குப் போகவேண்டாம். அவர்கள் மனதில் வைத்திருக்கும் சட்டம் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டமாக (குடியியல், அரசியல் உரிமைகள் சட்டம்; பகையைத் தூண்டும் பேச்சைக் குற்றமாக்குவது) இருக்கும். அதே சட்டத்தின் கீழ்த்தான் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி ஓகஸ்ட் வரை விளக்கமறியலில் கிடந்தார். அந்தக் கதவை எங்கள் கையாலேயே திறந்துவிட்டால் நாளைக்கு அதற்குள் தள்ளப்படப்போவது யார் என்று உமக்குத் தெரியும். புறக்கணிப்பு உமது உரிமை, அதில் கதைக்க ஒன்றுமில்லை.

எனக்கு உறைத்த இடம் வேறு. 'பின்னால் ஒரு சிரிப்பொலி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாண்டிவிட்டீர். அதில்தான் நின்றிருக்கவேண்டும்.

சொல் வாய் தவறி வரலாம். சிரிப்பொலி அப்படி வராது. முன்கூட்டியே கணினியில் ஏற்றி ஒரு பொத்தானுக்குக் கொடுத்து வைத்த ஒலி அது. யாரோ விரலால் அழுத்தவேண்டும். காலை நிகழ்ச்சிகளில் பல இடங்களில் அறிவிப்பாளரே மிக்சர் என்ற ஒலிக்கலவைக் கருவியையும் இயக்குகிறார். ஒலிவாங்கி, பாட்டு, விளம்பரம், தொலைபேசி, பகிடி ஒலிகள் எல்லாம் ஒரே ஆளின் கையில். பேசுகிறவரும் அவர், சிரிப்பைப் போடுகிறவரும் அவர், தவறு வந்தால் வெட்டவேண்டியவரும் அவர். இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க நிலையத்துக்கு மனமில்லை. அந்தச் சம்பள மிச்சம்தான் அந்த அம்மாவின் தலையில் விடிந்தது.

அந்த அழைப்பு நேரடியானதா என்றாவது யாரும் கேட்டீர்களா? பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சிகளில், முதல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த நேயரின் அழைப்பைப் பதிந்து, "ஹலோ, கேக்குதோ" என்பதையெல்லாம் வெட்டி எறிந்து, பாட்டு முடியப் போடுவது பழைய வழக்கம். துண்டைத் திரும்பக் கேளும். தொடக்கமும் முடிவும் வழுவழுப்பாக இருந்து, அவர் பாட்டின் பெயரைச் சொன்ன கையோடு பாட்டுத் தொடங்கினால் அது பதிவாக இருக்கக்கூடும். அறுதியான சாட்சி அல்ல, ஆனால் நிலையத்திடம் கேட்கப் போதும். பதிவென்றால் அந்தச் சொல்லை ஒருவர் குறைந்தது இரண்டு தரம் கேட்டு, சரி போகட்டும் என்று விட்டிருக்கிறார்.

2008 ஒக்டோபர் 18 இல் பிபிசி றேடியோ 2 இல் அறிவிப்பாளர்கள் ரசல் பிராண்டும் ஜொனதன் ரொஸும் அன்ட்ரூ சாக்ஸ் என்ற முதிய நடிகரின் தொலைபேசியில் அவரது பேத்தியைப் பற்றி அசிங்கமாகப் பேசி வைத்ததை ஒலிபரப்பினார்கள். அது முன்பே பதிந்த நிகழ்ச்சி. ஒலிபரப்பானதும் வந்த முறைப்பாடு இரண்டே இரண்டு. ஒரு பத்திரிகை எழுதிய பிறகுதான் பல்லாயிரமானது. பிராண்ட் விலகினார், ரொஸுக்கு 12 கிழமை இடைநிறுத்தம். ஆனால் ஒலிபரப்பைக் கண்காணிக்கும் பிரித்தானிய அமைப்பான ஒஃப்கொம் 2009 இல் 150,000 பவுண் தண்டம் விதித்தது பிபிசிக்கு. பதிவைக் கேட்டு அனுமதித்த நிறுவனம்தான் பொறுப்பு என்று பிடித்தார்கள்.

நேரடி என்றால் அதற்கும் வழி இருக்கிறது. தாமதக் கருவி என்று ஒன்று உண்டு. எட்டு வினாடிக்கு வைத்தால் கலையகத்தில் பேசியது எட்டு வினாடி கழித்தே வெளியே போகும். நேயருக்குத் தொலைபேசியில் தாமதமில்லாத ஒலி போகும். தன் வானொலியையும் திறந்து வைத்திருந்தால் தன் குரலே பிந்தி வந்து அவர் தடுமாறிப்போவார். "றேடியோச் சத்தத்தைக் குறையுங்கோ" என்று கெஞ்சுவதற்கு அதுவும் ஒரு காரணம். வெட்டும் பொத்தானை அழுத்தினால் கடைசி எட்டு வினாடி அழிந்து ஒலிபரப்பு நேரடிக்குத் தாவும். பிறகு கருவி, காதுக்குப் பிடிபடாதபடி பேச்சை மெல்ல மெல்ல இழுத்து அந்த எட்டு வினாடியைத் திரும்பச் சேர்க்கும். சேரும்வரை இரண்டாம் தரம் அழுத்திப் பயனில்லை. அதனால் ஒருமுறை வெட்டியதும் அழைப்பை நிறுத்திப் பாட்டுக்குப் போய்விடவேண்டும். இவ்வளவும் இருந்தாலும், பொத்தான் பேசுகிறவரின் கையிலேயே இருந்தால் வீண். தான் சொன்ன பகிடியைத் தானே வெட்டும் அறிவிப்பாளர் எங்கே இருக்கிறார்?

பக்கத்தில் வெறுமனே ஒரு ஆள் இருந்தாலும் போதாது. 2007 ஏப்ரல் 4 இல் அமெரிக்காவில் டொன் ஐமஸ் என்ற வானொலி அறிவிப்பாளர், ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியை நிறத்தையும் பெண்மையையும் சேர்த்து இழிவாகப் பேசியபோது, அவருடைய தயாரிப்பாளரும் கூட இருந்தார். இருந்து, தானும் சேர்ந்து பேசினார். முதலில் இரண்டு கிழமை இடைநிறுத்தம் என்றார்கள். புறொக்டர் அண்ட் கேம்பிள், ஜெனரல் மோட்டர்ஸ் போன்ற விளம்பரதாரர்கள் விலக, ஏப்ரல் 12 இல் அவரது வானொலி நிறுவனமான சிபிஎஸ் அவரை நீக்கியது. அதே ஆண்டு டிசெம்பரில் அவர் நியூயோர்க்கின் இன்னொரு நிலையத்தில் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்துவிட்டார். ஆகவே அந்த இரண்டாவது ஆள் அறிவிப்பாளருக்குக் கீழே வேலை செய்பவராக இருக்கக்கூடாது. வெட்டியதற்காக அவரிடம் யாரும் கணக்குக் கேட்கமாட்டோம் என்று நிலையம் எழுத்தில் கொடுக்கவேண்டும்.

முகநூலில் வருத்தம் தெரிவித்தார்களாம். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் வாசலில் 2017 பெப்ரவரி 20 இலிருந்து காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு இருக்கத் தொடங்கிய தாய்மாரில் எத்தனை பேர் முகநூல் பார்ப்பார்கள்? போர்க்காலத்தில் பற்றரிக்குத் தடை இருந்த நாளில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றிச் சுற்றி வானொலி கேட்ட சனம் இது. வானொலியில் பட்ட அடிக்கு வானொலியில்தான் மன்னிப்பு வரவேண்டும். அதே நிகழ்ச்சி, அதே நேரம், மூன்று நாள், நிலையப் பொறுப்பாளரின் சொந்தக் குரலில். அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லாமல், அம்மாவின் பெயரும் ஊரும் இல்லாமல், பின்னால் இசை இல்லாமல்.

இனி உமக்கு. அந்தத் துண்டை ஏன் பகிர்ந்தீர்? வானொலியில் ஒருதரம் கேட்டு முடிந்திருக்கவேண்டியதை, அவருடைய குரலோடு ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டது நீங்கள் எல்லோரும்தான். உமது கோபம் நியாயம், எனக்கும் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் அந்தத் துண்டை இன்றைக்கே அழித்துவிடும். பகிர்ந்தவர்களிடமும் சொல்லும்.

பிறகு இருந்து முறைப்பாடு எழுதும். திகதி, நிமிடத்தோடு நேரம், நிகழ்ச்சியின் பெயர், எந்த ஊரில் எந்த அலைவரிசையில் கேட்டீர் (வன்னியில் பிடிபடும் அலைவரிசை பெரும்பாலும் கொழும்பினதாக இராது), சொன்ன சொற்கள் அப்படியே. அடைமொழி ஒன்றும் வேண்டாம். ஒலிபரப்பின் பதிவை அழிக்காமல் வைக்கும்படி முதல் பந்தியிலேயே கேளும். பிரித்தானியாவில் வானொலிகள் 42 நாள் பதிவை வைத்திருக்கவேண்டும். இங்கே அப்படி நம்பிப் பிந்தாமல் இந்தக் கிழமைக்குள் அனுப்பும். நிலையத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் ஒன்று, வெகுசன ஊடக அமைச்சுக்குப் பிரதி ஒன்று. தனியார் வானொலிகளின் உரிமம் 1966 ஆம் ஆண்டின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சரிடமிருந்தே வந்தது. 1997 இல் கொண்டுவந்த ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை, அந்தச் சபை சுயாதீனமாக இராது என்று உயர்நீதிமன்றம் நிறுத்தியது. அதனால்தான் பிரதியை அமைச்சுக்கு அனுப்பச் சொல்கிறேன்.

அறிவிப்பாளரின் வேலையைப் பற்றிக் கேட்டீர். தண்டிக்கவேண்டும், ஆனால் அவரை அனுப்பிவிட்டுக் கோப்பை மூட நிலையத்தை விடாதீர். நாளைக்கு அதே கதிரையில் இன்னொரு பொடியன் தனியாக உட்காருவான், அதே பொத்தானில் அதே சிரிப்பு இருக்கும்.

கடிதத்தைத் தபாலில் போடமுதல் அந்த அம்மாவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டும். தன் கதை அதில் வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, நேயர் ஒருவர் என்று மட்டும் எழுதி அனுப்பும்.