வாடகை வவுச்சர்: ஆணையம் போடும் கணக்கு – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் ‘செக்‌ஷன் 8’ என்று எல்லோரும் சொல்லும் வாடகை உதவியை நடத்துவது உள்ளூர் வீட்டுவசதி ஆணையங்கள். அவை தரும் ‘வவுச்சர்’ என்ற உதவிச் சீட்டோடு குடும்பம் தானே வீடு தேட வேண்டும், வாடகையில் ஒரு பங்கை ஆணையம் கட்டும். பணம் தருவது ‘ஹட்’ எனப்படும் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை. அதுபற்றி வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

கேள்வி: எங்கள் ஊர் ஆணையத்தில் காத்திருப்புப் பட்டியல் பல வருடங்களாக மூடியே கிடக்கிறது. ஆனால் யாருக்கும் கொடுக்காத வவுச்சர்கள் அவர்களிடம் இருப்பதாக அவர்களுடைய அறிக்கையே சொல்கிறது. இருப்பதைக் கொடுக்காமல் ஏன் வைத்திருக்கிறார்கள்?

பதில்: ஆணையத்துக்கு இரண்டு வரம்புகள் உண்டு. இத்தனை வவுச்சர் வரை தரலாம் என்று ஹட் அனுமதித்த எண்ணிக்கை ஒன்று. அந்த ஆண்டுக்குக் கையில் வரும் பணம் மற்றொன்று. பல ஊர்களில் எண்ணிக்கையை எட்டும் முன்பே பணம் தீர்ந்துவிடுகிறது. அறிக்கையில் நீங்கள் பார்த்த ‘மீதி’ வவுச்சர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் பணம் இருக்காது.

ஓர் உதாரணக் கணக்கு. ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் வருகிறது. ஒரு குடும்பத்துக்காக ஆணையம் மாதம் சராசரியாக 1,000 டாலர் கட்டுகிறது என்றால் 500 குடும்பங்களைத் தாங்கலாம். வாடகை ஏறி அந்தச் சராசரி 1,100 ஆனால் அதே பணம் 454 குடும்பங்களுக்குத்தான் வரும். ஏற்கெனவே குடியிருப்பவர்களை வெளியேற்ற யாரும் விரும்புவதில்லை. அதனால் யாராவது திட்டத்திலிருந்து விலகினாலும் அந்த இடத்தைப் புதியவருக்குக் கொடுக்காமல் விடுவார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வவுச்சர் வாங்கிய எல்லோருக்கும் வீடு கிடைப்பதில்லை. நூறில் அறுபது பேருக்குத்தான் கிடைக்கும் என்பது ஓர் ஊரின் அனுபவம் என்றால், 20 இடங்களை நிரப்ப 33 வவுச்சர் வழங்க வேண்டும். அந்த 33 பேரில் 30 பேருக்கு வீடு கிடைத்துவிட்டால் பத்துக் குடும்பங்களுக்கான பணம் துண்டு விழும். அப்போது புதிய வவுச்சர் நின்றுவிடும். வீடு தேடிக்கொண்டிருப்பவர்களின் வவுச்சரையே திரும்பப் பெறுவதும் நடக்கிறது. மாறாக, பயந்துகொண்டு குறைவாகக் கொடுத்தாலும் நஷ்டம்தான். அடுத்த ஆண்டின் ஒதுக்கீடு முந்தைய ஆண்டின் உண்மையான செலவை வைத்தே கணக்கிடப்படுகிறது. செலவழிக்காத ஊருக்கு அடுத்த ஆண்டு பணமும் சுருங்கும். ஆணையம் திறமையாக நடக்கிறதா என்று அறிய நான் முதலில் பார்ப்பது, மாதாமாதம் இந்தக் கணக்கைத் திருத்துகிறார்களா என்பதைத்தான்.

கேள்வி: இரண்டு படுக்கையறைக்கு 1,800 டாலர் என்று ஆணையம் அளவு வைத்திருக்கிறது. எங்கள் பகுதியில் அந்த வாடகைக்கு வீடே கிடையாது. இதை யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: பாதி ஹட், பாதி உங்கள் ஆணையம். ஒவ்வொரு பகுதிக்கும் ‘நியாயச் சந்தை வாடகை’ என்ற தொகையை ஹட் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அக்டோபர் 1 முதல் அது அமலாகும். அண்மையில் குடியேறியவர்கள் தரும் வாடகைகளைக் குறைவிலிருந்து வரிசைப்படுத்தினால் நூறில் நாற்பதாவது இடத்தில் வரும் தொகை அது. அதில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் தனது அளவை ஆணையம் தானே வைத்துக்கொள்ளலாம். அதுதான் ‘பேமென்ட் ஸ்டாண்டர்டு’: வாடகை, மின்சாரம், எரிவாயு எல்லாம் சேர்த்து, உதவியைக் கணக்கிட ஆணையம் எடுத்துக்கொள்ளும் உச்சத் தொகை. அஞ்சல் குறியீடு வாரியாக ஹட் வெளியிடும் வாடகைகளைப் பின்பற்றும் ஆணையங்களில், நல்ல பள்ளிகள் உள்ள, வாடகை கூடிய பகுதிக்குத் தனி அளவு கிடைக்கும்.

உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று பாருங்கள். கழிவுகள் போக மாத வருமானம் 2,000 டாலர் என்றால் உங்கள் அடிப்படைப் பங்கு அதில் 30 சதவீதம், 600. வீட்டு வாடகை 1,700, நீங்களே கட்டும் மின்சாரம், எரிவாயுவுக்கு ஆணையத்தின் கணிப்பு 150, மொத்தம் 1,850. ஆணையம் 1,800-லிருந்து 600-ஐக் கழித்து 1,200-ஐ வீட்டுக்காரருக்கு நேரடியாக அனுப்பும். நீங்கள் வீட்டுக்காரருக்கு 500, மின்சாரம், எரிவாயுவுக்கு 150. ஆக, அளவைத் தாண்டிய 50 டாலர் உங்கள் தலையில். புதிதாகக் குடியேறும்போது உங்கள் பங்கு 40 சதவீதத்தை, அதாவது 800-ஐத் தாண்டக் கூடாது. அளவு 1,800 என்றிருக்கும்வரை மொத்தம் 2,000-க்கு மேல் போகும் வீட்டை ஆணையம் அனுமதிக்காது.

அளவை 1,900 ஆக உயர்த்தினால் உங்களுக்கு அந்த 50 டாலர் மிச்சம், ஆணையத்துக்கு 50 டாலர் கூடுதல் செலவு. முதல் கேள்வியின் கணக்கு இங்கேதான் குறுக்கே வரும்: அளவை உயர்த்தினால் வவுச்சர் வாங்கியவர் வீடு பிடிப்பார், ஆனால் வரிசையில் நிற்பவர்களில் சிலர் இன்னும் காத்திருப்பார்கள். வீடு பிடிக்கவே முடியாத வவுச்சர் வெறும் காகிதம் என்பதால், பாதிப் பேர் வெறுங்கையுடன் திரும்பும் ஊரில் அளவை உயர்த்துவதே சரி என்பது என் கருத்து.

கேள்வி: எனக்குப் பின்னால் விண்ணப்பித்தவருக்கு முன்னால் வவுச்சர் வந்துவிட்டது. இது முறைகேடா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. சில ஆணையங்கள் விண்ணப்பத் தேதிப்படி வரிசை வைக்கின்றன, சில குலுக்கல் போடுகின்றன. அதற்கு மேல் உள்ளூர் முன்னுரிமைகள் உண்டு: வீடற்றவர்கள், முன்னாள் படைவீரர்கள், அந்த ஊரில் வசிப்பவர்கள், வேலை செய்பவர்கள் என்று ஊருக்கு ஊர் மாறும். ஓர் ஆண்டில் புதிதாகச் சேர்க்கும் குடும்பங்களில் 75 சதவீதமாவது மிகக் குறைந்த வருமானப் பிரிவில் இருக்க வேண்டும் என்பது மத்திய விதி. இதெல்லாம் ஆணையத்தின் ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் பிளான்’ என்ற ஆவணத்தில் எழுதியிருக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பட்டியலில் இடம் பறிபோவதற்கு மிகச் சாதாரணமான காரணம், ஆணையத்தின் கடிதத்துக்குப் பதில் போடாததுதான். பட்டியலைப் புதுப்பிக்கும்போது எல்லோருக்கும் கடிதம் போகும். வீடு மாறியவருக்கு அது போய்ச் சேராது. முகவரி, தொலைபேசி எண் மாறினால் உடனே எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். தகுதியில்லை என்று மறுத்தால், கடிதத்தில் குறித்த கெடுவுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். ஒரே நேரத்தில் பல ஊர் ஆணையங்களில் விண்ணப்பிக்கத் தடையில்லை.

கேள்வி: எச்-1பி விசாவில் இருப்பவர் விண்ணப்பிக்கலாமா?

பதில்: அந்த விசா தகுதி தராது. குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதிகள், அடைக்கலம் பெற்றவர்கள் ஆகியோர் தகுதியுள்ள பிரிவுகளில் வருவார்கள்.

கேள்வி: வவுச்சர் கையில் வந்துவிட்டது. எங்கே சறுக்குகிறார்கள்?

பதில்: நாள் கணக்கில். முதலில் குறைந்தது 60 நாள் தருவார்கள். நீட்டிப்பு ஆணையத்தின் விருப்பம். பார்த்த வீடுகளின் பட்டியலோடு, கெடு முடியும் முன்பே எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்ததும் குடியிருப்பு ஒப்புதல் கோரும் படிவத்தைக் கொடுத்துவிட்டால், முடிவு வரும்வரை அந்த நாட்கள் கணக்கில் சேராது.

அடுத்தது, வீடு குடியிருக்கத் தகுந்ததா என்று ஆணையம் செய்யும் சோதனை. புகை எச்சரிக்கைக் கருவி இல்லாதது, எரியாத அடுப்பு, பூட்டாத ஜன்னல், 1978-க்கு முன் கட்டிய வீட்டில் உரியும் பெயின்ட் (6 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால்) ஆகியவற்றில்தான் வீடுகள் அடிக்கடி தோற்கின்றன. வீட்டுக்காரரோடு முன்கூட்டியே சுற்றிப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஆணையத்தின் ஒப்புதல் வரும் முன் குடியேறாதீர்கள். அந்த நாட்களின் முழு வாடகையும் உங்கள் தலையில் விழும். முன்பணமும் உங்கள் பொறுப்பு. “தனியாக மாதம் 100 கொடுங்கள்” என்று வீட்டுக்காரர் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாத பணம் கொடுப்பது விதிமீறல், வவுச்சரே போய்விடும். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியாவில் வவுச்சர் என்பதற்காகவே வீடு தர மறுப்பது சட்டவிரோதம். டெக்ஸாஸில் அந்த மாநிலப் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: இந்த விதிகளை மாற்றச் சொல்ல எங்களுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணையங்கள் ஐந்தாண்டுத் திட்டமும் ஆண்டுத் திட்டமும் எழுத வேண்டும். (மொத்தம் 550 அல்லது அதற்குக் குறைவான வீடுகளும் வவுச்சர்களும் உள்ள பெரும்பாலான ஆணையங்களுக்கு ஆண்டுத் திட்டம் அனுப்புவதிலிருந்து விலக்கு, ஆனால் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்தை அவர்களும் நடத்தியாக வேண்டும்.) திட்டத்தை நிதியாண்டுக்கு 75 நாள் முன் ஹட்டுக்கு அனுப்ப வேண்டும், அதற்கு முன் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம், அதற்கும் 45 நாள் முன் அறிவிப்பு. ஜூலை 1-இல் நிதியாண்டு தொடங்கும் ஊரில் ஏப்ரல் 17-க்குள் திட்டம் போக வேண்டும். எனவே மார்ச் தொடக்கத்துக்குள் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். குடியிருப்போர் ஆலோசனைக் குழு சொன்னதையும், அதற்கு என்ன செய்தோம் என்பதையும் ஆணையம் திட்டத்தோடு இணைத்து அனுப்ப வேண்டும். அந்தக் குழுவில் சேர விருப்பம் தெரிவியுங்கள்.

கூட்டத்தில் “வாடகை அதிகம்” என்று மட்டும் சொன்னால் குறிப்பேட்டில் ஒரு வரியோடு முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: கடந்த ஆண்டு வழங்கிய வவுச்சர்களில் எத்தனைக்கு வீடு கிடைத்தது? பேமென்ட் ஸ்டாண்டர்டு நியாயச் சந்தை வாடகையில் எத்தனை சதவீதம்? முதல் 60 நாளுக்குப் பிறகு எத்தனை பேருக்கு நீட்டிப்பு மறுக்கப்பட்டது? கேட்பதை எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.