1874ல லண்டன்ல அச்சான புத்தகம், அப்போ பேப்பர் கந்தல் துணியில செஞ்சதுதானே?

கையில இருக்குற பழைய புத்தகத்தை விக்கலாமான்னு யோசிச்சுதான் கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். துணிதான்னு அடிச்சு சொல்லிடாதீங்க, புல்லாவும் இருக்கலாம்.

நான் பழைய புத்தகங்களை செப்பனிடுற எடத்துல வேலை பாத்தப்போ கிட்டத்தட்ட அதே வருஷத்து புத்தகம் ஒண்ணு வந்துச்சு. சீனியர் தடவிப் பாத்துட்டு "சுத்தமான துணி பேப்பர், லேபிள் எழுது"ன்னுட்டாரு. எனக்கு மனசு ஒப்பல. தையல் ஓரத்துல உதிர்ந்து கெடந்த துணுக்கை வேக வச்சு ஊசியால பிரிச்சு மைக்ராஸ்கோப்ல வச்சேன். மெலிசா குட்டை நாரு, நடுவுல நடுவுல கமா மாதிரி வளைஞ்ச குட்டி குட்டி முடி. அந்த கமா துணி நார்ல வராது, எஸ்பார்டோங்கிற மத்தியதரைக்கடல் பக்கத்து புல்லுல வரும். கூப்பிட்டு காட்டினேன், பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, லேபிள் மாறவே இல்ல. இன்னைக்கும் அது எனக்கு ஆறல.

பிரிட்டன்ல பேப்பர் தேவை ஏறிக்கிட்டே போச்சு, கந்தல் பத்தல. 1856ல தாமஸ் ரூட்லெட்ஜ்ங்கிறவர் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் எய்ன்ஷம் மில்லுல இந்த புல்லை காஸ்டிக் சோடால வேக வச்சு பேப்பர் ஆக்கினாரு. 1861ல பேப்பர் வரியை நீக்கினாங்க, அதே வருஷம் அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் வந்து பருத்தி வரத்தும் படுத்துச்சு, மில்லுக்காரங்க புல்லு பக்கம் திரும்பிட்டாங்க. நிலக்கரி ஏத்திட்டு மத்தியதரைக்கடல் போன கப்பலுங்க திரும்பும்போது காலியா வராம புல்லுக்கட்டு ஏத்திட்டு வந்துச்சு, அதனாலதான் கட்டுப்படியாச்சு.

புல்லு வந்தது முதல்ல ஸ்பெயின்ல இருந்து, அப்புறம் அல்ஜீரியா, துனிசியா, திரிபோலி (இப்போ லிபியா). இதை நான் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய வியாபாரம்னுதான் சொல்வேன். இதுல எதுவுமே பிரிட்டிஷ் காலனி இல்லையே, இதுல எங்க சாம்ராஜ்ய வியாபாரம்னு கமென்ட்ல வருவீங்க, தெரியும். அல்ஜீரியா பிரெஞ்சுக்காரன் கையில, திரிபோலி துருக்கி சுல்தான் கையில. ஆனா விலை பேசினதும் வாங்கினதும் பிரிட்டிஷ் மில்லு, அதைத்தான் சொல்றேன். அந்தப் புல்லை அறுக்க மாட்டாங்க, குச்சில சுத்தி கையால இழுத்து புடுங்கணும். 1881ல அல்ஜீரியாவுல பிரெஞ்சுக்காரனை எதிர்த்து பூ அமாமாங்கிறவர் கிளர்ச்சி பண்ணப்போ, சாய்தா ஊர் பக்கம் புல்லு புடுங்கப் போயிருந்த ஸ்பெயின் கூலிங்கள்ல நெறைய பேரை கிளர்ச்சிக்காரங்க கொன்னுட்டாங்க. ஒரு பக்கத்தை புரட்டும்போது இதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், கேக்காட்டியும். இப்போ நெறைய எடத்துல ஸ்கேன் பண்ணி முடிச்சதும் ஒரிஜினலை கழிச்சு கட்டிடுறாங்க. எழுத்தை வேணா ஸ்கேன்ல படிக்கலாம், நாரை எங்க போய் பாக்குறது?

உங்க புத்தகத்துல பக்கத்தை மட்டும் கிழிச்சு பாத்துடாதீங்க. தையல் ஓரத்துல உதிர்ந்த துணுக்கு இருந்தா ஒரு கவர்ல போட்டு வைங்க, அதுவே போதும்.